திங்கட்கிழமை அப்பா

என் அண்ணன் புளுகுவான், நான் பயந்து சாவேன். எங்கள் வீட்டில் வேலை அப்படித்தான் பிரிந்திருந்தது. அவன் சிரித்தால் எதிரில் நிற்பவருக்கும் சிரிப்பு வந்துவிடும். அந்தத் துணிச்சலில் எதையும் செய்வான்.

அவன் கொடைக்கானல் மிஷன் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. நான் அங்கேயே மூன்றாம் வகுப்பு. பனிமூட்டம் கண்ணை மறைத்த ஒரு நாள், சுற்றறிக்கை நோட்டில் ‘மதியம் விடுமுறை’ என்று தலைமையாசிரியர் கையெழுத்தில் அவனே எழுதி, வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் காட்டிவிட்டான். பன்னிரண்டு மணிக்குப் பள்ளிக்கூடமே காலி. திங்கட்கிழமை அப்பாவோடு வராவிட்டால் டி.சி. என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. இன்னொரு புகார் வந்தால் படிப்பை நிறுத்தி வத்தலக்குண்டு சைக்கிள் கடையில் விட்டுவிடுவதாக அப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தார். அப்பா சொன்னால் சொன்னதுதான்.

தலைமையாசிரியர் ஊருக்குப் புதியவர், அப்பாவைப் பார்த்ததில்லை. அண்ணனுக்கு அது போதாதா? பூண்டியிலிருந்து ஞாயிற்றுச் சந்தைக்குச் சரக்குக் கொண்டுவரும் பெரியவர் ஒருவருக்கு அவன் மனு எழுதிக் கொடுப்பது வழக்கம். பிள்ளை குட்டி இல்லாத மனிதர். அவரைப் பிடித்தான்.

“எனக்குப் பொய் சொல்ல வராதே தம்பி.”

“நீங்க பேசவே வேணாங்க. தலைய மட்டும் ஆட்டுங்க. இவ கையப் பிடிச்சுக்கிட்டு வந்தீங்கன்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.”

இவள் என்றது என்னை. ‘அப்பா’ என்று கூப்பிட எனக்கு மூன்று முறை ஒத்திகை நடந்தது. நாங்கள் வேதக்காரர்கள் என்பதால், பள்ளி வாசலில் வைத்து அவர் நெற்றித் திருநீற்றைத் துடைத்துவிட்டு, சிலுவை போடவும் சொல்லிக்கொடுத்தான்.

தலைமையாசிரியர் சொன்னதற்கெல்லாம் பெரியவர் தலையை ஆட்டினார்.

“சேட்டைக்காரன்தான். ஆனா இவன் மூளை இங்க யாருக்கும் கெடையாது. விட்டுறாதீங்க, நல்லா கவனிச்சுக்கங்க” என்று முடித்து, அவர் ஜெபம் சொன்னார். பெரியவர் சிலுவையைச் சரியாகவே போட்டார். ஆமென் சொன்ன கையோடு, பழக்க தோஷம், மடியிலிருந்த சுருக்குப்பையைப் பிரித்துத் திருநீறு எடுத்து அண்ணன் நெற்றியில் பூசி, “நல்லா இருப்பா” என்றார்.

அண்ணன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“சாம்பல் புதனுக்குக் கோயில்ல குடுத்தது சார். அப்பா மிச்சம் எடுத்து வச்சிருக்காரு.”

தலைமையாசிரியர் எழுந்து ஜன்னலருகே போய் முதுகைக் காட்டி நின்றார். தோள் குலுங்கியது. கோபத்தில்தான் குலுங்குகிறது என்று நினைத்தேன். திரும்பாமலே, “போய்ப் படி” என்றார்.

அதோடு தொலைந்தது என்றிருந்தேன். பத்தாவது நாளோ என்னவோ, அண்ணன் வகுப்புக்குப் படிப்பு விடுமுறை விட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை பெரியவர், சந்தை முடிந்தும் ஊர் திரும்பாமல் இராத் தங்கி, பள்ளி வாசலில் வந்து நின்றார். “பெரியவன் படிக்கிறானாம்மா?” என்று கேட்டு ஒரு கட்டு கேரட் கொடுத்தார். அதற்கடுத்த திங்களும் வந்தார். அம்மாவிடம் என்ன சொல்வது? இரண்டு கட்டையும் பள்ளத்தில் எறிந்தேன். அப்பா அந்த வழியே வந்து, இவர் யார் என்று கேட்டுவிட்டால்? ஞாயிறு வந்தாலே எனக்குச் சோறு இறங்காது. படிக்கிறவனிடம் சொல்லவும் பயம்.

மூன்றாம் திங்கள் அவர், “பரிச்சைக்கு முந்தி வீட்டுக்கு ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறேன். வாத்தியார் கவனிச்சுக்கச் சொன்னாருல்ல” என்றார்.

வந்த பயத்தில் கத்திவிட்டேன்.

“வராதீங்க. நீங்க ஒண்ணும் எங்க அப்பா இல்ல. சோலி முடிஞ்சிருச்சுல்ல, போங்க.”

“சரிதாம்மா” என்றார். கேரட் கட்டை என் பைக்குள் வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு வரவேயில்லை.

வீட்டுக்கு ஓடி, அண்ணனைக் காப்பாற்றிய கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். சபாஷ் கிடைக்கும் என்று நின்றேன். எதற்கும் பதில் வைத்திருக்கிறவன் புத்தகத்தை மூடிவிட்டு, “அவரு மொகம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டான். நான் பார்க்கவில்லை.

என் பையிலிருந்த கேரட்டை எடுத்து, மண்ணைக்கூடக் கழுவாமல் ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்றான். எனக்கு ஒன்று கேட்டேன், தரவில்லை. காப்பாற்றியவளுக்கு ஒரு கேரட்கூடக் கிடையாதா என்று இரண்டு நாள் அவனோடு பேசாமல் இருந்தேன்.