லொறிக்குப் பின்னால் விட்ட இடம்

பின்னால் உருண்ட நாள்

கார் ஓட்டப் பழக வந்த பரீதா ராத்தாவை மைதானத்திலிருந்து வீதிக்குக் கொண்டுபோன முதல் நாளே கார் பின்னால் உருண்டது. ஹந்தானை மலை ஏற்றத்தில் எங்களுக்கு முன்னால் போன பஸ் ஆள் இறக்க நின்றது. ராத்தாவும் நிறுத்தினார். பஸ் கிளம்பியதும் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார், கிளச்சையும் சட்டென்று விட்டார். எஞ்சின் ஒரு உதறு உதறி நின்றுவிட்டது. கார் மெல்லப் பின்னால் போகத் தொடங்கியது. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவில்லை.

பழக்கும் காரில் என் பக்கமும் ஒரு கிளச், ஒரு பிரேக் இருக்கும். நான் பிரேக்கை மிதித்தேன். கார் நின்றது. ராத்தா ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"எனக்கு ஏலா மிஸ். நான் எறங்கப் போறன். நீங்க ஓட்டுங்க."

"எறங்கலாம் ராத்தா. ஆனா இந்த ஏத்தத்துல கதவைத் தொறந்தா கீழருந்து வர்றவன் அடிச்சிட்டுப் போயிருவான். மேல போயி எறங்குவோம். இப்ப கிளச்சை மிதிங்க, ஹேன்ட் பிரேக்கை இழுங்க, சாவியைத் திருப்புங்க."

எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தோம். அங்கே அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தன் கதையைச் சொன்னார்.

அவர் கணவர் நிசாம் நானாவுக்குத் திகனவில் துணிக்கடை. இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் கண்டிக்கு டயலிசிஸ் செய்யப் போகவேண்டும். ராத்தாவின் தம்பிதான் வீட்டுக் காரில் கூட்டிப்போய் வந்தார். அவர் கட்டாருக்கு வேலைக்குப் போன பிறகு ஆட்டோதான். போகும்போது பிரச்சினை இல்லை. திரும்பும்போது நானாவுக்குப் பிரஷர் இறங்கிவிடும். ஒரு தடவை ஆட்டோவிலேயே மயங்கி, ராத்தாவின் மடியில் சரிந்துவிட்டார்.

"கார் வீட்டுல சும்மா நிக்கிது மிஸ். படுத்துக்கிட்டு வாறதுக்குப் பின் சீட் ஈக்குது. ஓட்டத்தான் ஆள் இல்ல. நான் பழகப் போறன்னு சொன்னா, ஐம்பது வயசுல ஒனக்கு என்னத்துக்குன்னு சிரிக்கிறாரு."

"அப்ப நாளைக்கும் இதே ஏத்தத்துக்கு வருவோம்," என்றேன்.

காதும் காலும்

மேட்டில் காரை எடுப்பதை நான் காதால்தான் பழக்குவேன். முதல் கியர் போட்டு, ஹேன்ட் பிரேக் இழுத்த நிலையில், கொஞ்சம் அக்ஸலரேட்டர் கொடுத்துக் கிளச்சை மெல்ல மெல்ல விடவேண்டும். ஓர் இடத்தில் எஞ்சினின் சத்தம் கனக்கும். காரின் மூக்கு லேசாகத் தூக்கும். அதுதான் ஹாஃப் கிளச். அங்கே கால் அசையக்கூடாது. அதற்குப் பிறகுதான் ஹேன்ட் பிரேக்கை இறக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் ஒன்று எஞ்சின் நிற்கும், இல்லாவிட்டால் கார் உருளும்.

பயந்தவர்கள் எல்லோரும் ஒரே பிழையைத்தான் செய்வார்கள். ஹாஃப் கிளச்சிலேயே காரைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பார்கள். கொஞ்ச நேரத்தில் கிளச் பிளேட் கருகும் வாசம் வரும். ராத்தாவும் அப்படித்தான் செய்தார்.

"சட்டி அடிப்பிடிச்ச மாதிரி மணக்குது மிஸ்."

"உங்க கிளச்தான் ராத்தா வேகுது. நிக்கிறதுன்னா பிரேக்ல நில்லுங்க. போறதுன்னா போங்க. ரெண்டுக்கும் நடுவுல குடியிருக்காதீங்க."

அன்று முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எடுத்தார். கார் ஓர் அங்குலமும் பின்வாங்காமல் ஏறியது. பிறகு நானே ஏற்றத்தில் வேண்டுமென்றே நிறுத்தச் சொல்வேன். வளைவில், மழையில், பின்னால் பஸ் முட்டிக்கொண்டு நிற்கும்போது எல்லாம் நிறுத்தி எடுக்க வைத்தேன். லைசன்ஸுக்கு ஓட்டிக் காட்டும் ட்ரயலில் ஒரே தடவையில் பாஸ்.

லைசன்ஸ் கைக்கு வந்ததும் ஃபோன் எடுத்தார். "அவரை ஏத்திக்கிட்டு முதல்ல போறதுக்கு மட்டும் நீங்க பக்கத்துல இருக்கணும் மிஸ்."

வீட்டுக் காரில்

அவர்கள் வீட்டுக் கார் பழையது. என் பக்கத்தில் பிரேக்கும் இல்லை, கிளச்சும் இல்லை. எனக்கு எட்டுவது நடுவிலிருக்கும் ஹேன்ட் பிரேக் ஒன்றுதான். போகும்போது நிசாம் நானா பின் சீட்டில் விறைப்பாக உட்கார்ந்து, முன்னால் வந்த ஒவ்வொரு வாகனத்தையும் ராத்தாவுக்கு அறிவித்துக்கொண்டே வந்தார். "பஸ் வருது. சைக்கிள் ஒண்டு. மெல்ல, மெல்ல."

திரும்பும்போது நானாவுக்குப் பேசத் தெம்பில்லை. தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். மழை தூறியது. திகன வந்து, பிரதான வீதியிலிருந்து வீட்டுக்கு ஏறும் குறுகிய கொங்கிரீட் பாதையில் திரும்பினோம். எங்களுக்கு முன்னால் மணல் ஏற்றிய ஒரு சின்ன லொறி முனகிக்கொண்டு ஏறியது. பாதி ஏற்றத்தில் அது நின்றுவிட்டது.

ராத்தாவும் நிறுத்தினார். நன்றாக இடம் விட்டு நிறுத்தி, ஹேன்ட் பிரேக்கை இழுத்தார். எங்களுக்குப் பின்னால் வந்த ஆட்டோ ஹோர்ன் அடித்தது.

பின் சீட்டிலிருந்து நானாவின் குரல் வந்தது. "என்னத்துக்கு இவ்வளவு தள்ளி நிக்கிய? முன்னுக்கு எடு புள்ள."

"லொறிட பின் டயர் ரோட்டுல தொடுற எடம் எனக்குக் கண்ணுக்கு வெளங்கோணும். நீங்க சும்மா படுங்க."

லொறிக்காரர் எடுக்கப் பார்த்தார். பின் சில்லு சுழன்று வழுக்கியது. மறுபடி முறுக்கினார். எஞ்சின் செத்தது. அடுத்த நொடி லொறியின் பின்பக்கம் எங்களை நோக்கி வரத் தொடங்கியது. பிரேக் பிடித்தும் ஈரத்தில் சறுக்கிக்கொண்டே வந்தது.

என் கை தானாக ஹேன்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டது. கார் உருளக்கூடாது என்று அத்தனை வருடம் பழகிய கை.

வலது பக்கம் ஒரு வீட்டின் கேட்டுக்கு முன்னால் அகலமான வாசல் இருந்தது. ராத்தா அதைப் பார்த்துவிட்டார். ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். எஞ்சின் சத்தம் கனத்தது. மூக்குத் தூக்கியது.

"மிஸ், கைய எடுங்க!"

எடுத்தேன். அவரே ஹேன்ட் பிரேக்கை இறக்கினார். கார் பின்னால் ஒரு துளியும் போகாமல் பாதையைக் குறுக்காகக் கடந்து, வாசலுக்குள் ஏறி நின்றது. லொறி எங்கள் பின் பம்பரை ஒட்டிக்கொண்டு போய், இடப்பக்க மண்மேட்டில் முட்டி நின்றது. நாங்கள் சற்று முன் நின்ற அதே இடம். அதற்குக் கீழே ஆட்டோக்காரர் ஹோர்னை மறந்து உட்கார்ந்திருந்தார்.

ராத்தா ஹேன்ட் பிரேக்கை மறுபடி இழுத்தார். கால் பிரேக்கிலேயே இருந்தது. நானா பின்னாலிருந்து கையை நீட்டி அவர் தோளைத் தொட்டார்.

"ஒனக்கு ஒண்டும் ஆகல்லயே?"

"இல்ல. ஒங்களுக்கு?"

லொறிக்காரர் சில்லுக்குக் கல் வைத்துவிட்டு ஓடி வந்து மன்னிப்புக் கேட்டார். கேட்டைத் திறந்துகொண்டு அந்த வீட்டுக்காரர் வெளியே வந்தார். எங்களைப் பார்த்துவிட்டு, "ராத்தா எறங்குங்க, நான் மேல கொண்டுபோய் விட்டுத் தாறன்," என்றார்.

ராத்தா கதவுப் பிடியில் கை வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நிசாம் நானா கண்ணாடியை இறக்கினார்.

"தேவல்ல தம்பி. எண்ட பொஞ்சாதி ஓட்டுவா. நீங்க கொஞ்சம் பின்னுக்குப் பாத்துச் சொல்லுங்க, போதும்."

ராத்தா வாசலிலிருந்து பின்னால் எடுத்து, மூக்கை மேலே திருப்பி, அந்த மழை ஏற்றத்தில் மறுபடி நிறுத்தி எடுத்தார். வீடு வரைக்கும் நானா ஒரு வாகனத்தையும் அறிவிக்கவில்லை.

புதிதாக வரும் எல்லோரும் மேட்டில் காரை எப்படி எடுப்பது என்றுதான் கேட்கிறார்கள். நான் முதலில் எங்கே நிறுத்துவது என்று பழக்குகிறேன். முன்னால் நிற்கும் வாகனம் நம்மை நோக்கி வந்தால் விலக இடம் இருக்கிறதா என்று, நிற்கும் ஒவ்வொரு தடவையும் பார்க்க வைக்கிறேன். எடுப்பது கால் பழகினால் வந்துவிடும். லைசன்ஸ் எடுத்தவரின் பக்கத்தில் உட்காரும்போது, என் கைகள் இப்போது மடியில்தான் இருக்கும்.