முதலாவதாகப் போட்ட படிப்பு

அப்பா மட்டக்களப்பு வாவியில் மீன் பிடிப்பவர். தேற்றாத்தீவு வீட்டில் கறிக்கு மீன் வெட்டுவது என் வேலை. நான் வெட்ட உட்கார்ந்தால் அன்றைக்குச் சமையல் பிந்தும். ஒவ்வொரு மீனின் இரைப்பையையும் கீறி, அது என்ன தின்றிருக்கிறது என்று பார்த்தால்தான் எனக்கு மனம் ஆறும். "மீனை வெட்டச் சொன்னா இவ பிரேதப் பரிசோதனை செய்யிறா" என்று அம்மா கத்துவார்.

உயர்தரப் பரீட்சையில் உயிரியல் எடுத்து நல்ல புள்ளியும் வாங்கினேன். மீன்வளம் படிக்கப்போகிறேன் என்றதும் வீடு இரண்டுபட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு கணக்கு உண்டு. எந்தப் படிப்புக்கு இடம் கிடைக்க வேண்டிய வெட்டுப்புள்ளி கூடவோ அதைத்தான் எடுக்க வேண்டும். குறைந்த புள்ளிக்குக் கிடைப்பதை எடுத்தால் மிச்சப் புள்ளி வீணாகிவிடுமாம். "இவ்வளவு புள்ளி எடுத்துப்போட்டு ஆரும் மீன் படிப்பாங்களா கா?" என்றார் சின்னம்மா. அப்பாவின் கோபம் வேறு. "வாவிக்குள்ள நான் கிடந்து மாயிறது போதாதா? தாதியியல் படி. படிச்சு முடியக் கையில வேலை."

மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. நான்காம் நாள் பல்கலைக்கழக விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்ப, என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கொமினிகேஷன் கடைக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். வாசலில் இறக்கிவிட்டு, "நீதான் படிக்கப்போறவ. உனக்கு விருப்பமானத முதலாவதாப் போடு மகள்" என்றார். பிறகு எதிர்க்கடையில் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

படிப்புகளை விருப்ப ஒழுங்கில் போட வேண்டும். மேலே இருப்பது கிடைத்துவிட்டால் கீழே உள்ளதை மறந்துவிட வேண்டியதுதான். கணினிக்கு முன்னால் இருந்த பெண், "முதலாவது என்ன?" என்று கேட்டாள். நகரத்தில் வேலை கேட்டு வீதியோரம் குந்தியிருந்த பட்டதாரிகளை பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன். அதில் ஒரு அக்கா பதாகையை முகத்துக்கு மறைப்பாகப் பிடித்திருந்தார். அந்த நேரம் பார்த்து அவர்தான் நினைவுக்கு வந்தார். "தாதியியல்" என்றேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பயம், வேறொன்றுமில்லை.

படித்தேன், வேலையும் கிடைத்தது. குறை சொல்ல முடியாத வேலை. ஆனாலும் சலிப்புத் தட்டும் நாட்களில், "அப்பா விடல்ல, இல்லாட்டி மீன்வளம் படிச்சிருப்பன்" என்று கூட வேலை செய்பவர்களிடம் சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மைபோல ஆகிவிட்டது.

போன மாதம் அப்பா கண் காட்ட எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவர் கண்ணில் மருந்து விட்ட என் தோழி பகிடியாகக் கேட்டாள்: "ஏன் ஐயா, இவவ மீன் படிக்க விடாம மறிச்ச நீங்க?"

அப்பா கண்ணைத் திறக்காமலே நான் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஓம் புள்ள," என்றார். "நான்தான் மறிச்சன். பிழைதான்."

இல்லை, நானேதான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவருடைய கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிப்போனேன்.