சத்தியபாயின் பொருத்தனைக் கோழி

கறுப்பிக்கு அடை கிடக்க வேறு காலமே கிடைக்கவில்லை. தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகைக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. அண்டியாபீசில் பகலெல்லாம் முந்திரிப் பருப்பின் தோலை உரித்துவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே வந்து இறங்குகிற சத்தியபாய், பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே கோழிக்கூட்டைத்தான் போய்ப் பார்த்தாள். அடியில் ஒரு முட்டைகூட இல்லாமல் கறுப்பி பம்மிக்கொண்டு கிடந்தது. உச்சந்தலையில் ரத்தம்.

அது வெறும் கோழியல்ல, பொருத்தனைக் கோழி. சத்தியபாயின் வீட்டுக்காரர் ஞானையன் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்து நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வராந்தாவில் நின்று அவள் ஜெபித்தாள். இவரை எழும்பி நடக்க வையும் கர்த்தரே, நான் வளர்க்கிற கறுப்பியைப் பண்டிகைக்கு உமக்குத் தருகிறேன் என்றாள். எலும்பு கூடிவிட்டது. டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டார். ஆனால் ஞானையன் கம்பை ஊன்றிக் கக்கூசுக்குப் போய் வருவதோடு சரி. மற்ற நேரமெல்லாம் கட்டில்தான். கர்த்தர் பாதி வேலையில் நிறுத்திவிட்டாரே என்று சத்தியபாய்க்கு ஒரு குறை உண்டு. வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், மீதிப் பாதியையும் பிடித்து வைத்துக்கொண்டால் என்ன செய்வது?

பண்டிகையன்று வாழைக்குலை, தேங்காய், மரச்சீனி, கோழி என்று அவரவர் வீட்டில் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். வளாகத்திலேயே ஏலம் நடக்கும். சும்மா கொடுக்கிறவர்கள் எதையும் கொடுக்கலாம். பொருத்தனை பண்ணினவர்கள் மட்டும் சொன்னதைத்தான் கொடுக்க வேண்டும், ஆளை மாற்றக் கூடாது.

அடை கிடந்ததால் கறுப்பி நாளுக்கு ஒரு நேரம்தான் தீனிக்கு இறங்கும். சிறகைச் சிலிர்த்துக்கொண்டு, கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு அவசர அவசரமாகக் கொத்தும். உடனே வெள்ளைச்சி பாய்ந்து வந்து தலையிலேயே போடும். கூட்டத்துக்கு ராணி அதுதான். முதுகில் பாதி இறகைப் பிடுங்கிவிட்டிருந்தது.

பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். "தண்ணியில முக்கி எடு பிள்ளே. அதுலயும் தெளியல்லேண்ணா, அதுக்க தூவலையே ஒண்ணு பிடுங்கி மூக்குல கோத்து விடு. அடை பறந்திரும்."

மூக்கில் இறகு கோப்பதை நினைத்ததும் சத்தியபாய்க்குத் தன் மூக்கே வலித்தது. வாளித் தண்ணீரில் முக்கினாள். அது வினையாகப் போயிற்று. ஒட்டிப்போன உடம்போடு நடுங்கிக்கொண்டு நின்ற கறுப்பியை வேறெந்தக் கோழியோ என்று நினைத்து, வெள்ளைச்சியோடு சேர்ந்து எல்லாமே ஏறிக் கொத்தின. பதறிப் பிடித்து அடுக்களையில் கூடை போட்டுக் கவிழ்த்தாள். புண்ணுக்கு மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் போட்டாள். இரண்டு நாள் கழித்து வெளியே விட்டபோது பழைய அடி இரட்டிப்பாக விழுந்தது. கூட்டத்துக்கு அது இப்போது முழு அந்நியம். போதாததற்கு மஞ்சள் பூச்சு வேறு.

"ஏட்டி மூதி, உனக்கு அவகிட்ட என்னட்டி பகை?" என்று வெள்ளைச்சிமேல் துடைப்பத்தை எறிந்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எழும்பத் தெம்பில்லை. அழுகைதான் வந்தது.

கட்டிலில் கிடந்தபடியே ஞானையன் சொன்னார். "அடி வாங்குதவளை எதுக்குட்டி சிறை வைக்குதே? அடிக்குதவளைப் பிடிச்சுக் கவுத்து."

சரியான யோசனைதான். அதைப் படுத்துக்கொண்டே சொல்கிறாரே என்றுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளைச்சியைப் பிடித்துக் கூடைக்குள் போட்டாள். கறுப்பி நிம்மதியாக இறங்கி வயிறு நிறையத் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறுப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கனமே இல்லை. முதுகு மொட்டை, கொண்டையில் பொருக்கு. இதைக் கொண்டுபோய் ஆலயத்தில் வைத்தால் ஊரே சிரிக்கும். அது இருக்கட்டும், இனி காலைக் கட்டி, தூக்கிக்கொண்டுபோய், ஏலக் கூச்சலுக்கு நடுவில் போட்டால் உயிர் தங்காது. திரும்பக் கூட்டில் விட்டாள். கூடையைத் தூக்கி வெள்ளைச்சியை எடுத்தாள். ஜெபம்கூடப் பண்ணவில்லை.

ஏலம் விளித்த முத்துநாயகம் வெள்ளைச்சியை உயரத் தூக்கிக் காட்டினார். "நல்ல கொழுத்த கோழி, பாத்துக்கிடுங்க! மனசோட குடுத்திருக்கு நம்ம சத்தியபாய்!"

சத்தியபாய்க்குத் தலை நிமிரவில்லை. ஆளை மாற்றிக் கர்த்தரையே ஏமாற்றிவிட்டோமே, ஞானையன் காலுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற ஒரே பயம். விருந்துக்குக்கூட நிற்காமல் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

கட்டில் காலியாகக் கிடந்தது. கம்பையும் காணவில்லை. விழுந்துவிட்டார் என்றே முடிவு பண்ணி, கர்த்தரே கர்த்தரே என்று பின்பக்கம் ஓடினாள்.

ஞானையன் கோழிக்கூட்டின் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கம்பு குறுக்கே நீண்டிருந்தது. அவர் காலடியில் கறுப்பி தின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி, கூட்டத்தில் இன்னொன்றான புள்ளிக்கோழி சுற்றிச் சுற்றி வந்தது.

"வெள்ளைச்சி போனதும் இந்தப் புள்ளிக்காரி தொடங்கிட்டா," என்றார். "கறுப்பி கெடந்து விளிச்சுது. கேட்டுட்டுக் கெடக்க முடியல்ல."

போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. "இவ்வளவு தூரம் நடக்க முடியும்ணா, இத்தன நாளா ஒரு சாயாவுக்கு எதுக்கு என்னை விளிச்சிய?"

அவர் கம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "பயம்தான். விழுந்திருவேனோண்ணு."

"இப்போ?"

"இப்பளும் பயம்தான்." புள்ளிக்கோழி கிட்டே வர, கம்பால் தரையில் தட்டினார். "நாளைக்கும் நான் இருந்துக்கிடுதேன். நீ போய்க் கெட."

கோயிலுக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றாமல் அவருடைய கட்டிலில் சாய்ந்தாள். உடம்பில் வலிக்காத இடமே இல்லை. வெளியே கம்பு தட்டுகிற சத்தம் கேட்டது. கோழியை மாற்றிக் கொடுத்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று கைகளைக் கூப்பிக் கண்களை மூடினாள். "கர்த்தரே" என்று தொடங்கியவள், அதற்குமேல் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தூங்கிவிட்டாள்.