மாக்கிறேற் நடந்த கரைப்பாதை

நெடுந்தீவுக்கு வருகிறவர்களைக் கோட்டையடியிலிருந்து தென்கரை வழியாக நடத்திக்கொண்டுபோய் மதியத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவது மாக்கிறேற்றின் வேலை. கருவாடு காயவைக்கும் வாடியில் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனபின் அவளாகத் தேடிக்கொண்ட பிழைப்பு. கல்வேலிகள், குதிரைகள் மேயும் வெளி, அதற்கப்பால் பச்சையாய்க் கிடக்கும் கடல். அநேகமானோர் ஓட்டோவில் சுற்றிவிட்டு அடுத்த படகுக்கு ஓடிவிடுவார்கள். நடக்க வருகிறவர்கள் கொஞ்சப்பேர்தான்.

போன ஆவணியில் சில்வெஸ்ரர் கனடாவிலிருந்து வந்தார். தென்கரையில் இடிந்து கிடக்கும் தன் வீட்டைப் பார்க்க வேண்டுமென்றார்.

“வெயில் ஏறுது ஐயா. ஓட்டோவிலை போவமே?”

“வேண்டாம் பிள்ளை. நடந்து திரிஞ்ச இடம், நடந்துதான் போகவேணும்.”

குதிரை வெளியைத் தாண்டியதும் அவர் நெஞ்சைப் பிடித்தபடி வேலியில் சாய்ந்தார். தொலைபேசி எடுபடவில்லை. மாக்கிறேற் வெறுங்காலோடு ஓடி ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை மறித்துக் கொண்டுவந்து, அவரை அதன் பெட்டியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். உடனே யாழ்ப்பாணத்துக்கு ஏற்றவேண்டும் என்றார் டொக்டர். சோளகக் காற்று சுழற்றி அடித்துக்கொண்டிருந்தது.

“கடலைப் பாருங்கோ அக்கா,” என்றான் படகோட்டி தயாபரன். “இப்ப விட்டா அவரோட நாங்களும் தாழுவம். ஏலாது.”

காற்று விழும்வரை அவர் தாங்கவில்லை.

அவளை யாரும் நேரே குறைசொல்லவில்லை. ஆனால் விருந்தினரை அனுப்பிவைத்த விடுதிக்காரர்கள், “அவவோட போன மனுசனெல்லே செத்தது,” என்று பேசிக்கொண்டார்கள். ஒருமுறை இரண்டு இளம் பெண்கள் வந்தார்கள். பாதிவழியில் ஒருத்தி சப்பாத்துக் கயிறு கட்டக் குந்தியதும் மயங்கி விழுகிறாள் என்று மாக்கிறேற் ஓடிப்போய் அவளைப் பிடித்தாள். அப்படியே இருவரையும் திருப்பிக் கூட்டிவந்துவிட்டாள்.

மாசியில் சில்வெஸ்ரரின் மகள் நிரோஜினி வந்தாள். இறங்குதுறையிலேயே கேட்டாள்:

“அப்பா கடைசியா என்ன சொன்னவர், அக்கா?”

உங்களைத்தான் கேட்டவர் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

“ஒண்டும் சொல்லேல்லை, தங்கச்சி. மூச்செடுக்கத்தான் பாத்தவர்.”

“வீட்டைக் கண்டவரே?”

“இல்லை. இன்னும் கொஞ்சத் தூரம் இருந்தது.”

நிரோஜினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்னையாவது அங்கை கூட்டிக்கொண்டு போங்கோவன்,” என்றாள்.

மாக்கிறேற் தெற்கே பார்த்தாள்.

“என்னாலை ஏலாது, தங்கச்சி.”

வேறு யாரோடும் போக நிரோஜினிக்கு மனமில்லை. வந்த படகிலேயே திரும்பினாள். அதற்குப்பின் மாக்கிறேற் அந்தப் பாதையில் ஒருவரையும் கூட்டிப்போகவில்லை. வந்து கேட்டவர்களும் இல்லை.