வளையலுக்குள் கோத்த கம்பளிப் பட்டை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். நடந்ததில் பாதி மறந்துபோச்சு, மீதியிலும் முன்னே பின்னே மாறியிருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம் என் மகள் ஒரு கண்காட்சியில் கழுத்துமாலை ஒன்று வாங்கி வந்தாள். கம்பளித் துணியை வெட்டி, நடுவில் கண்ணாடி மணி வைத்துத் தைத்திருந்தது. “கையாலயே செஞ்சதும்மா, புதுசா வந்துகீது” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மாதிரி ஒன்றை அவள் பிறப்பதற்கு முன்பே நான் செய்து கையில் போட்டிருக்கிறேன். அழகுக்காகச் செய்யவில்லை, அவள் அப்பாவின் தூக்கத்துக்காகச் செய்தேன். அதை வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது கரையான்சாவடியில் மெயின் ரோட்டுக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். எண்பதுகளின் தொடக்கம். வீடு என்றால் ஒரே அறைதான். ஒரு மூலையில் ஸ்டவ், இன்னொரு மூலையில் தண்ணீர்க் குடம், நடுவில் பாய். என் வீட்டுக்காரர் திருமழிசையில் ஒரு பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டினார். தகட்டை உள்ளே வைத்துக் கையை எடுத்ததும் மிஷின் மேலிருந்து இறங்கி வெட்டும். அவருக்கு எப்போதும் ராத்திரி ஷிப்டு. காலையில் பஸ்ஸில் வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுப்பார். அவர் தலைமாட்டுக்குப் பக்கத்திலேயே நான் சமைப்பேன்.

எனக்கு வளைகாப்பு செய்தார்கள். எங்கள் பக்கத்தில் வளையல் போட்டதும் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். எனக்கு அம்மா இல்லை. அண்ணன் வீட்டில் அண்ணியே அப்போது பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். அதனால் கலந்த சோறு சாப்பிட்டுவிட்டு எல்லோரும் போனார்கள். நான் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையலோடு அங்கேயே நின்றேன்.

அதுவரைக்கும் வளையல் இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. வெங்காயம் அரிந்தாலும், மாவு பிசைந்தாலும், தலைமுடியை அள்ளி முடிந்தாலும் சலசலவென்று சத்தம். அவர் புரண்டு படுப்பார். துண்டை எடுத்துக் காதோடு சேர்த்துத் தலையில் கட்டிக்கொள்வார்.

“தூக்கம் கெடுதுங்களா?” என்று ஒருநாள் கேட்டேன். அவரிடம் நானாகப் பேச்சு எடுப்பதே அபூர்வம்.

“இன்னாத்துக்கு?”

“வளையல் சத்தம்.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலியே” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். துண்டு தலையில் இறுக்கிக் கட்டியபடியே இருந்தது.

கழற்றவும் முடியாது. பிள்ளை பிறக்கும் வரைக்கும் வளையல் கையில் இருக்க வேண்டும், அந்தச் சத்தம் வயிற்றுப் பிள்ளை காதில் விழ வேண்டும் என்பதில் எங்களோடு இருந்த என் அத்தை, அதாவது மாமியார், கறார். அவர் பகலெல்லாம் வாசல்படியில் உட்கார்ந்து பூ கட்டுவார். சத்தத்தை வைத்தே நான் உள்ளே என்ன செய்கிறேன் என்று சொல்லிவிடுவார். “இன்னாடி, அம்மியில கை வெச்சிட்டியா? அத அப்பறம் அரைச்சிக்கலாம், குந்து” என்று வாசலிலிருந்தே குரல் வரும்.

இப்படி இருக்கும்போது, என் வீட்டுக்காரரோடு வேலை செய்கிற தம்பி ஒருவர், அவர் மறந்துவிட்டு வந்த டிபன் கேரியரைக் கொடுக்க வந்தார். அவர் குளிக்கப் போயிருந்தார், மாமியார் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கையை மட்டும் நீட்டினேன்.

“அண்ணி, அண்ணனைக் கொஞ்சம் பாத்துக்கங்க. நேத்து மிஷின்ல கைய வெச்சிகினே கண்ணசந்துட்டாரு. நான் சட்டையப் புடிச்சி இழுத்தேன். இல்லாங்காட்டி விரல் போயிருக்கும். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க” என்றார்.

வீட்டுக்காரரிடம் கேட்டால் இல்லை என்பார். அத்தையிடம் சொன்னால் அழுது ஊரைக் கூட்டிவிடுவார். என் கையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

எங்களுக்கு அடுத்த வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த பாய் ஆர்மோனியப் பெட்டி ரிப்பேர் பார்ப்பார். அவர் சம்சாரத்தை நான் அக்கா என்று கூப்பிடுவேன். என் வீட்டுக்காரர் தூங்கும் நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டில் போய் உட்கார்ந்துகொள்ளத் தொடங்கினேன். ஆனால் சமையலுக்கு நடுவில் எவ்வளவு நேரம் உட்கார முடியும்? ஒருநாள் பாய் ஒரு பெட்டியைப் பிரித்துப் போட்டு, கட்டைகளுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ துணி ஒட்டிக்கொண்டிருந்தார். நெய்த துணி இல்லை, ரோமத்தை அமுக்கிச் செய்தது போல மெத்தென்று இருந்தது. அது என்ன என்று அக்காவைக் கண்ணாலேயே கேட்டேன்.

“அது ஃபெல்ட்டு தங்கச்சி. கட்டையும் மரமும் மோதிக்கினா லொடலொடன்னு கேக்கும்ல? இது நடுவுல இருந்தா பாட்டு மட்டும்தான் கேக்கும்.”

அதையும் என் கை வளையலையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு அக்காவின் காதில், “அதுல கொஞ்சம் கெடைக்குமா?” என்றேன்.

“ஏங்க, தங்கச்சிக்குத் துண்டு துணி வேணுமாம்” என்று அவர் உரக்கச் சொல்லிவிட்டார். நான் முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டேன். பாய் தலை நிமிராமலே வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

துண்டுகளை ஒட்டுப்போட்டு விரல் அகலத்துக்கு நீளப் பட்டையாகத் தைத்தேன். முதல் வளையலுக்கு மேலே, அடுத்ததுக்குக் கீழே, அதற்கடுத்ததுக்கு மேலே என்று கூடை முடைவது போல முழங்கை வரைக்கும் கோத்து, முனையில் பிரஸ் பட்டன் வைத்தேன். இரண்டு கைக்கும் செய்தேன். கையை ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. எனக்கே என் கை இருக்கிறதா என்று சந்தேகமாகிவிட்டது.

அன்றைக்கு அவர் படுத்ததும் துண்டு கட்டாமலே தூங்கினார். லேசாகக் குறட்டைகூட வந்தது. நான் புளி கரைத்தேன், கீரை ஆய்ந்தேன். இனிமேல் ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த அத்தையை மறந்துவிட்டேன். அவருக்கு உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

“அய்யய்யோ! இவளுக்கு இன்னாவோ ஆயிடுச்சி! நைனா, எழுந்திரிடா! மருமவ உயுந்துட்டாடா!”

கையில் நூலும் பூவுமாக உள்ளே ஓடி வந்தார். வீட்டுக்காரர் அலறிக்கொண்டு எழுந்து, சொம்பைத் தட்டிவிட்டார். அக்காவும் ஓடி வந்தார். நான் கீரைத்தண்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அத்தை என் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். “இன்னாடி இது? வளையலுக்கு வாயக் கட்டி வெச்சிகீறே? புள்ள காதுல சத்தம் உயாம இன்னா பண்ணும்?”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கீரைத்தண்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். அத்தைக்கு எதிரில் நான் வாயைத் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.

“அவரு தூங்கணும் அத்தை. தூங்காம போனா மிஷின்ல கை போயிடும். ஏற்கெனவே ஒருவாட்டி போகப் பாத்துது.”

அத்தை மகனைப் பார்த்தார். மகனோ, தரையில் கொட்டிய தண்ணீரைப் பார்த்தார். “எவன்டா சொன்னது?” என்று முணுமுணுத்தாரே தவிர, இல்லை என்று சொல்லவில்லை.

அத்தை மெல்ல உட்கார்ந்தார். மகனின் விரல்களை எடுத்து ஒவ்வொன்றாகத் தடவினார். அழுவார் என்று நினைத்தேன். பட்டையைத் திரும்பப் பார்த்துவிட்டு, “சரி, அதுக்கு இன்னாத்துக்குடி சாம்பக் கலரு? எழவு ஊட்டுத் துணி மாதிரி கலீஜா கீது. புள்ளத்தாச்சி கையில போடறது மங்களமா இருக்க வேணாம்?” என்றார்.

அக்கா சிரித்துவிட்டார். அவர்தான் பட்டையை மஞ்சளும் குங்குமச் சிவப்புமாகச் சாயத்தில் முக்கிக் கொடுத்தார். அத்தை தன் அறுந்த பாசிமணியைக் கொட்டினார். நான் மணியைப் பட்டை முழுக்கத் தைத்துவிட்டேன். போட்டுப் பார்த்தால் மணி வளையலில் உரசி டிக் டிக்கென்று முன்னைவிட மோசம்! பிரித்து, வளையலுக்கு மேலே தெரியும் இடத்தில் மட்டும் பூவாகத் தைத்தேன். நடுவில், சட்டையில் அழகுக்குத் தைக்கிற சின்னக் கண்ணாடித் துண்டு. பார்த்தவர்கள் எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டார்கள்.

“புள்ளைக்குச் சத்தம்?” என்று மட்டும் அத்தை விடவில்லை. அதற்கு என் வீட்டுக்காரரே வழி செய்தார். சாயங்காலம் எழுந்ததும், டீ குடிப்பதற்கு முன்பு, என் எதிரில் உட்கார்ந்து பட்டனைப் பட்டு பட்டென்று எடுத்து, பட்டையை உருவி, என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்குவார். “கேட்டுக்கோ, கேட்டுக்கோ” என்பார், வயிற்றைப் பார்த்து. அத்தை வாசலிலிருந்து, “இன்னும் கொஞ்சம் ஆட்டுடா, சோம்பேறி” என்பார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். ஆனாலும் சாயங்காலம் எப்போது வரும் என்று இருப்பேன்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். அதற்குப் பிறகு அந்த வரிசையில் வளைகாப்பு நடந்தால் என்னிடம் பட்டை கேட்டு வருவார்கள். மகள் பள்ளியில் நடனம் ஆடியபோது கழுத்துக்கும் காதுக்கும் அதே துணியில் செய்து கொடுத்தேன். அதைப் பார்த்து வாத்தியாரம்மா ஒருவரும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் இப்போதும் பத்து விரலாலும் சோற்றுத் தட்டைப் பிடித்துக்கொண்டு டீவி பார்க்கிறார். பட்டையில் மஞ்சள் எந்தப் பக்கம், சிவப்பு எந்தப் பக்கம், அந்தத் தம்பி வந்தது வளைகாப்புக்கு எத்தனை நாள் கழித்து என்று சரியாக எழுத ஆசைப்பட்டு அவரிடமே கேட்டேன். “வளையல் சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே” என்கிறார். அவரை நம்பிப் பிரயோஜனமில்லை. பூந்தமல்லிப் பக்கம் குடிபோன அக்காவோ அவர் பிள்ளைகளோ இதைப் படித்தால், நான் தப்பாக எழுதியதைத் தயவுசெய்து திருத்திச் சொல்லுங்கள்.