தோற்றவர் வீட்டுக் கேடயமும் முள்ளியவளைக் கல்லும்

முள்ளியவளை மைதானத்தில் நட்டிருக்கும் கல் பொய் சொல்கிறது. எங்கள் உதைபந்துக் கேடயப் போட்டியின் கடைசி இறுதியாட்டத்தில் வென்றது கனகராயன்குளம். ஒன்றுக்குப் பூச்சியம். கல்லில் வெட்டியிருப்பதோ முள்ளியவளை. தோற்ற பதினொரு பேரின் பெயர்கள் வெற்றி அணி என்ற தலைப்பின் கீழ் இருக்கின்றன. வென்ற பதினொரு பேரில் ஒருவர் பெயர்கூட இல்லை. அந்த ஆட்டத்தில் கனகராயன்குளத்துக்காக இடது ஓரத்தில் ஓடியவன் நான். எனக்கு இப்போது எழுபத்தைந்து வயது. என் பெயர் போனால் போகட்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்ல மாட்டேன், அதுவும் வேண்டும். ஆனால் முதலில் வேண்டியது தில்லையின் பெயர். அந்த ஒரு கோலைப் போட்டவர் அவர்.

சென்ற மாதம், இப்போது நான் வசிக்கும் நெளுக்குளத்தில், சந்திக் கடையில் ஒருவர் கைத்தொலைபேசியில் அந்தக் கல்லின் படத்தைக் காட்டினார். புதிய பார்வையாளர் மண்டபம் திறந்தபோது வைத்தார்களாம். அன்றைக்கே அதற்குப் பொறுப்பான அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"ஐயா, கேடயம் முள்ளியவளைத் தலைவரின்ரை வீட்டிலைதானே இருக்கு. அதைவிட என்ன ஆதாரம் வேணும்?"

தவறு எங்கே நடந்தது என்று அந்த ஒரு வசனத்தில் எனக்கு விளங்கிவிட்டது. உலகம் முழுவதும் வென்றவன்தான் கேடயத்தை வீட்டுக்குக் கொண்டுபோவான். எங்கள் போட்டியில் தோற்றவன் கொண்டுபோவான். இந்த வழமையை யாரிடமும் கேட்காமல் வரலாறு எழுத வந்தவர்களை என்னவென்று சொல்வது? நேரில் போவதென்று முடிவெடுத்தேன். அந்தப் பயணத்தைத்தான் எழுதுகிறேன். இந்தப் பாதையில் போக நினைப்பவர்களுக்கு பஸ் விபரமும் உதவும்.

புதன்கிழமை காலை 6.10க்கு நெளுக்குளத்தில் பஸ் ஏறினேன். வவுனியா நகரத்துக்கு நாற்பது ரூபா. அங்கிருந்து 6.50க்கு ஏ9 வீதியால் வடக்கே போகும் பஸ். கனகராயன்குளத்துக்கு நூற்றைம்பது ரூபா, முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல், ஐம்பத்தைந்து நிமிடம். வலது பக்க யன்னலில் இருக்காதீர்கள், காலை வெயில் முகத்தில் அடிக்கும்.

பஸ் ஓடும் நேரத்தில் போட்டியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் ஆட்சியில் குளக்கட்டுகளைத் திருத்த ஒரு பொறியியலாளர் வந்தார். ஊர் ஊராக ஆட்களைப் பிடித்து மண் சுமக்க வைத்தார். பின்னேரங்களில் ஆட்கள் சும்மா இருந்தால் சண்டை பிடிப்பார்கள் என்று பயந்து ஒரு தோல் பந்தும் காற்றடிக்கும் பம்பும் கொடுத்தார். அவர் கொடுத்தது அவ்வளவுதான். கேடயத்தை முதிரைப் பலகையில் செதுக்கியது கனகராயன்குளத்துத் தச்சர் ஒருவர். ஆடுகளம் குளத்தின் கீழுள்ள தரவை, அதாவது மாடு மேயும் புல்வெளி. பெரும்போக நெல் அறுவடை முடிந்து பங்குனி கடைசியில் ஆட்டம். சப்பாத்து இல்லை. மணிக்கூடும் இல்லை. மேய்ச்சல் முடிந்த மாடுகள் களத்தைக் குறுக்கே கடந்தால் அதுதான் இடைவேளை. மாடு பிந்தினால் முதல் பாதியும் நீளும்.

முதல் வருடம் வென்ற ஊர் கேடயத்தைக் கொண்டுபோய், அடுத்த வருடம் ஆட வரவில்லை. இழந்துவிடுவோம் என்ற பயம். அப்போதுதான் மண் சுமந்தவர்கள் கூடிப் புதிய வழமை வைத்தார்கள். வென்றவன் பெயர் கேடயத்தில் பதிக்கும் தகட்டில் ஏறும், கேடயம் தோற்றவன் வீட்டில் இருக்கும். தினமும் காலையில் அதைப் பார்ப்பவன் அடுத்த வருடம் வராமல் இருப்பானா? அந்தப் பொறியியலாளர் துரை போனார், ஆட்சியும் போனது. போட்டி எனக்குப் பத்தொன்பது வயதாகும்வரை நடந்தது. அந்த வருடம் நாங்கள் வென்றோம். அதன்பிறகு நடக்கவேயில்லை.

7.45க்கு கனகராயன்குளத்தில் இறங்கி, ஏ9 வீதியிலிருந்து இருபது நிமிடம் நடந்தேன். தரவையைச் சுற்றி இப்போது முட்கம்பி வேலி. ஏதோ ஒரு திணைக்களத்தின் பலகை, உள்ளே வராதே என்கிறது. மாடுகள் வேலியைச் சுற்றிக்கொண்டு போகின்றன. குளக்கட்டில் ஏறி நின்றால் முழுக் களத்தையும் பார்க்கலாம். பார்த்தேன். கோல் கம்பம் நின்ற இடத்தில் நாயுருவி வளர்ந்திருந்தது.

தில்லையின் மனைவி பரமேஸ் அக்காவின் வீடு கட்டுக்குப் பக்கத்தில். தில்லை என்னைவிட நான்கு வயது மூத்தவர். கடைசி யுத்தத்தில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து போன வழியில் செத்துப்போனார். எந்த இடத்தில் புதைத்தார்கள் என்று அக்காவுக்குத் தெரியாது. அப்போது அக்கா வேறொரு பதுங்குகுழியில் காயத்தோடு கிடந்தார்.

தேத்தண்ணி தந்துவிட்டு அக்கா கேட்டார். "கல்லிலை அவரின்ரை பெயர் இருக்கோ, தம்பி?"

"இல்லை அக்கா. போடுவிக்கத்தான் போறன்."

"இருந்ததெண்டால் நான் ஒருக்கா வந்து பூ வைப்பன். எனக்கு வேறை எங்கை வைக்கிறது?" வெற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். பிறகு, "நீர் கோவத்திலை போய்க் கல்லை உடைச்சுப் போடாதேயும். பிறகு உம்மைப் பிணையெடுக்க நான் அலையவேணும்" என்றார்.

உடைக்கும் எண்ணம் எனக்கு இருந்தது. இல்லையென்று எழுதினால் நானும் அந்தக் கல்லைப்போல் ஆகிவிடுவேன்.

9.40க்கு மாங்குளம் பஸ், அறுபது ரூபா. மாங்குளம் சந்தியில் 10.15க்கு முல்லைத்தீவு பஸ் கிடைத்தது. ஒட்டுசுட்டான் ஊடாக முள்ளியவளைக்கு நூற்றெழுபது ரூபா, நாற்பது கிலோமீற்றர் அளவு. நின்றுகொண்டே போனேன். ஒரு பெண்பிள்ளை எழும்பி இடம் தந்தது, வேண்டாம் என்றேன். ஒட்டுசுட்டானில் என் முழங்கால் அதற்காக என்னைத் திட்டியது.

11.30க்கு இறங்கி ஓட்டோ பிடித்தேன். ஓட்டுநர் நசார், முல்லைத்தீவுக்காரர். குடும்பத்தோடு புத்தளத்தில் இருந்து திரும்பி வந்தவர். மைதானத்துக்கு இருநூற்றைம்பது ரூபா.

"மச் பாக்கவோ ஐயா? இண்டைக்கு மச் ஒண்டும் இல்லையே."

"பழைய மச் ஒண்டு."

"எப்ப நடந்தது?"

"நீர் பிறக்க முன்னம்."

"அப்ப கொஞ்சம் பிந்திட்டியள்" என்று சொல்லி வேகத்தைக் கூட்டினார்.

கல் கறுப்புப் பளிங்கு, எழுத்து பொன்னிறம். மேலே துரையின் பெயர் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கிறது. கேடயத்தை அன்பளிப்புச் செய்தவராம்! தச்சர் இல்லை. மண் சுமந்தவர்கள் இல்லை. கீழே அந்தப் பதினொரு பேர். ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும். மூன்று பேர் என் காலில் அடித்தவர்கள். முதலாவது பெயர் அவர்களின் தலைவர் சிவகுரு அண்ணை. எண்பத்திரண்டு வயது, உயிரோடு இருக்கிறார். நசாரிடம் அந்த வீட்டுக்கு விடச் சொன்னேன். வாசலில் நின்று கூப்பிட்டதும் உள்ளேயிருந்தே குரல் வந்தது.

"ஆர், லெப்ட் அவுட்டோ? இன்னும் சாகேல்லையோ நீ?"

"கல்லைத் திருத்தாமல் சாகமாட்டன் அண்ணை."

"அப்ப கனகாலம் இருப்பாய். வா, இரு."

நான் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே கேட்டேன். "ஆர் வெண்டது?"

"நீங்கள்தான். அதிலை என்ன கேள்வி?"

"அப்ப கல்லிலை?"

"அந்த அலுவலகத்திலையிருந்து விபரம் எழுத வந்த பெடியனுக்கு நான் சொன்னனான், நாங்கள் தோத்தபடியால்தான் இது இங்கை கிடக்குதெண்டு. அவன் சிரிச்சான். ஐயா தன்னடக்கமாக் கதைக்கிறார் எண்டு சொல்லிப்போட்டு எழுதிக்கொண்டு போயிட்டான்."

"திறப்புவிழாவிலை மாலை போடேக்கை உங்கடை வாய் எங்கை போனது?"

அண்ணை சால்வையை உதறித் தோளில் போட்டார். குசினியிலிருந்து அவரின் மனைவி மனோன்மணி அக்கா பதில் சொன்னார். "வாய்க்குள்ளை லட்டு இருந்தது, தம்பி. நான் பக்கத்திலை நிண்டு பாத்தனான்."

அக்காவே அலுமாரியைத் திறந்து கேடயத்தை எடுத்து வந்தார். ஐம்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது, நான் அதைக் கையில் வாங்கி. முதிரை முதிரைதான், உளுக்கவில்லை. முன்பக்கம் தகடுகள். பின்பக்கம் முழுக்கக் கத்தி வெட்டு.

"இதென்ன அக்கா?"

"முகாமிலை வெங்காயம் வெட்டினனான். வேறை பலகை இருக்கேல்லை. நகையை வித்தன், தையல் மிசினை விட்டிட்டு ஓடினன், இதை விடேல்லை. தோத்தவை காக்கவேணுமெண்டு இந்த மனிசன் நிண்டார். எத்தினை தரம் இதாலை இவருக்கு அடிக்க நினைச்சனான் தெரியுமே?"

தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கடைசி இடத்தில் தகடு இல்லை, வெறும் மரம். எங்கள் பெயர் இருக்கவேண்டிய இடம். அது இருந்திருந்தால் எந்த அலுவலகமும் எதுவும் எழுதியிருக்க முடியாது. "ஏன் வெட்டேல்லை?" என்று கத்திவிட்டேன்.

சிவகுரு அண்ணை அப்போதுதான் எழும்பினார். "ஆர் வெட்டுறது? காக்கிறது தோத்தவன்ரை வேலை. அடுத்த வருசம் எல்லாரையும் கூப்பிடுறது ஆரின்ரை வேலை? பெயர் வெட்டின தகட்டோடை வந்து கூப்பிடுறது ஆரின்ரை வேலை? நாங்கள் ரெண்டு பங்குனி பந்துக்குக் காத்தடிச்சு வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருந்தம். நீங்கள் கூப்பிடேல்லை."

"சண்டை வந்தது அண்ணை."

"அந்த வருசமே வந்ததோ?"

வரவில்லை. வழமையின் இந்த மறுபாதியை நான் மேலே எழுதாமல் விட்டிருக்கிறேன். வேண்டுமென்றேதான் விட்டேன். வென்றவன்தான் அடுத்த வருடம் கூப்பிடவேண்டும். கூப்பிடப் போகிறவர்களுக்கு யார் தலைவர் என்று எங்கள் ஊரில் பிரச்சினை வந்தது. கோல் போட்டதால் தானே தலைவர் என்றார் தில்லை. பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான், ஆகவே நான் என்றேன். ஊர் இரண்டாகப் பிரிந்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு வருடம் தில்லையோடு பேசவில்லை. பிறகு பேசினோம், ஒன்றாக வயல் செய்தோம். ஆனால் போட்டியைக் கூப்பிட யாருக்கும் மனம் வரவில்லை. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

இதனால் கல் சொல்லும் பொய் உண்மையாகிவிடாது. அதை அண்ணையிடமும் சொன்னேன். கல்லுக்கு முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்க, தோற்றது நாங்கள் என்று சொல்லவேண்டும் என்றேன்.

"சொல்லுறன். முதல் நீ கூப்பிடு. கூப்பிட்டால் கேடயத்தோடை வந்து, போற வழியிலை கல்லடியிலையும் நிண்டு சொல்லுறன். கூப்பிடாதவனுக்கு நான் ஏன் சொல்லவேணும்?"

மனோன்மணி அக்கா சாப்பிடச் சொன்னார். இருந்து சாப்பிட்டேன். அன்றைக்குக் கேடயத்தில் அல்ல, வேறு பலகையில்தான் வெங்காயம் வெட்டியிருந்தார். 2.30க்கு மாங்குளம் பஸ், இரவு படுமுன் நெளுக்குளம். போகும் வழிக்கு மட்டும், ஓட்டோச் செலவைச் சேர்க்காமல், நானூற்றிருபது ரூபா.

போகிறவர்களுக்கு: காலையில் கிளம்புங்கள். பிற்பகலில் மாங்குளம் பக்கம் பஸ் குறைவு. தண்ணீர் கொண்டுபோங்கள். கனகராயன்குளத்தில் தரவையைக் கட்டிலிருந்து பாருங்கள், வேலிக்குள் இறங்கினால் வழக்கு. முள்ளியவளையில் கல்லைப் படமெடுத்தால் அதற்குக் கீழே இந்தக் கட்டுரையின் கதையையும் எழுதிப் போடுங்கள். அந்த வீட்டுக்குப் போய்க் கேடயத்தைக் கேட்டுத் தொல்லை கொடுக்காதீர்கள்.

இனிச் செய்யவேண்டியவை. கல்லை வைத்த அலுவலகம் அதைக் கழற்றவேண்டும், மேலே ஒரு காகிதம் ஒட்டிச் சமாளிக்கக்கூடாது. புதிய கல்லில் இரண்டு அணியும் இருக்கவேண்டும், வென்றவர் வென்றவராக, காத்தவர் காத்தவராக. துரைக்குப் பந்தும் பம்பும் போதும். கேடயம் தச்சருடையது. தரவைக்கு வேலி போட்ட திணைக்களம் பங்குனியில் ஒரு நாளாவது படலையைத் திறந்துவிடவேண்டும், மாட்டுக்கும் சேர்த்து. விபரம் எழுத வந்த பெடியன் திரும்ப முள்ளியவளைக்குப் போய், இந்த முறை சிரிக்காமல் கேட்கவேண்டும். சிவகுரு அண்ணை தன் வாக்கைக் காப்பாற்றவேண்டும். மனோன்மணி அக்கா அவருக்கு அன்றைக்கு லட்டு கொடுக்கக்கூடாது.

வெறுமையாக இருக்கும் அந்த இடத்துக்குப் பெயர் வெட்டின தகடு செய்விக்கவேண்டியது கனகராயன்குளம். எங்கள் பதினொரு பேரில் உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான். தட்டாரிடம் சொல்லிவிட்டேன். பதினொரு பெயர், தில்லையின் பெயர் முதலாவது, தலைவர் என்று. பரமேஸ் அக்காவை அந்தக் கேடயத்துக்கு முன்னால் பூவோடு கொண்டுவந்து விடவேண்டியதும் நான்தான்.

கூப்பிடவேண்டியவனும் நான்தான். கூப்பிடுகிறேன். வருகிற பங்குனி கடைசி ஞாயிறு, பின்னேரம் நான்கு மணி, கனகராயன்குளத்துத் தரவை. படலை திறக்காவிட்டால் வேலிக்கு வெளியே ஆடுவோம். முள்ளியவளை கேடயத்தோடு வரவேண்டும்.