படலையடி வாளி

கொரோனாக் காலத்தில், பரந்தனில் எங்கள் வீட்டுப் படலையடியில், வாசல் கதவோரம், ஒரு வாளி நின்றது. வாளியில் மஞ்சள் தண்ணீர், பக்கத்தில் சவர்க்காரம். வைத்தவர் என் கணவர். மீன்காரர் முதல் அவருடைய சொந்தத் தமையன் வரை கைகால் கழுவாமல் ஒருவரும் உள்ளே வர முடியாது. எனக்குச் சிறுநீரகம் மாற்றிக் கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. தொற்று வந்தால் நான் தாங்கமாட்டேன் என்று மனிதர் நடுங்கிப்போயிருந்தார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

பிறகு தடுப்பூசி வந்தது. இரண்டாவது ஊசியும் போட்ட அன்றே மனிதருக்கு இறக்கை முளைத்துவிட்டது. முகக்கவசம் மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தொங்கியது. வாளி கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கப் போனது. நான் குடிக்கிற மருந்துகளால் எனக்கு ஊசி முழுதாக வேலைசெய்யாது, வீட்டுக்காரர்தான் கவனமாக இருக்க வேண்டும் என்று கிளினிக்கில் டொக்டர் சொன்னபோது, பக்கத்தில் இருந்து தலையாட்டியவரும் இவர்தான்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னிப்பார்கள். செத்தவீட்டுக்குப் போகாவிட்டால் பரம்பரைக்கும் கதை இருக்கும். ஊர் முடக்கத்தில் போகாமல் விட்ட துக்கங்களை எல்லாம் விசாரிக்க, ஊசி அட்டையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு இவர் புறப்பட்டார். சாதாரணமாகச் செத்தவீட்டால் வந்தால் குளிக்காமல் வாசல் மிதிக்காத ஆள். இவையோ முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த வீடுகள், துடக்கு, தீட்டு எல்லாம் கழிந்துவிட்டது, குளிக்கத் தேவையில்லை என்று எனக்கே விளக்கம் சொன்னார். கிருமியும் துடக்குப் பார்க்கும் என்ற நினைப்பு.

ஒருநாள் ஓமந்தையில் இருந்து வந்தவர் நேரே குசினிக்குள் நுழைந்து தேநீர் கேட்டார். செத்தவரின் மகன் இருமி இருமித் தன்னைக் கட்டிப்பிடித்து அழுததை உருக்கமாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எல்லாற்றை செத்தவீட்டுக்கும் போட்டு வாறியள். எங்கட வீட்டிலை ஒண்டு நடந்தா ஆர் ஆர் வருவினம் எண்டு பாக்கிறியளோ?”

 மனிதர் நேரே கிணற்றடிக்குப் போய்க் குளித்தார். அடுத்த ஒரு வாரமும் விறாந்தையில் தனியாகப் படுத்தார். நான் பயந்து செத்தேன், கும்பிடாத சாமி இல்லை. நல்லகாலம், இருவருக்கும் ஒன்றும் வரவில்லை.

பிறகு ஒருநாள் இவருடைய தமையன் வந்தார். வாளி பழைய இடத்தில் நிற்பதைக் கண்டு, தனக்கு இரண்டு ஊசியும் போட்டாயிற்று, இனி எதற்கு இது என்று சிரித்தார்.

“எனக்கும் போட்டாச்சு அண்ணை,” என்றார் இவர். “மனிசி உள்ளை இருக்கிறா. கழுவிப்போட்டு வாங்கோ.”